தடியில் வேர் பிடிக்க வைக்க: ஹோர்மோன் தூளுக்கு முன்னும் பின்னும் செய்ய வேண்டியவை

மட்டக்களப்பு, அம்பாறைப் பக்கம் வேலிக்குக் கதியால் நட்டவர்களுக்குத் தடியில் வேர் வருவது புதினம் இல்லை. பூவரசு, கிளுவை, முள்முருக்கு, கிளிசரிடியா, முருங்கை எல்லாம் மழைக்கு முன் வெட்டி ஊன்றினால் போதும், தானாகவே பிடித்துக்கொள்ளும். அதே கையால் ஒரு தேசிக் கொப்பையோ கொய்யாக் கொப்பையோ வெட்டி ஊன்றினால் இரண்டு மூன்று கிழமை பச்சையாக நிற்கும், பிறகு அடி கறுத்துச் செத்துவிடும்.

இந்த வித்தியாசத்துக்குக் காரணம் கைராசி இல்லை. வேர் வர வேண்டிய இடத்தில் என்னென்ன இரசாயனங்கள் எவ்வளவு இருக்கின்றன என்பதுதான். கடையில் வாங்கும் வேர் ஹோர்மோன் அதில் ஒரு பங்கு. தாய்மரத்தின் கொப்பில் சேர்ந்திருக்கும் சீனியும் நைதரசனும் ஒரு பங்கு. வெட்டுக் காயத்தில் ஊறும் பொருட்கள் ஒரு பங்கு. நம்முடைய கிணற்றுத் தண்ணீரிலும் தும்புச்சோற்றிலும் இருக்கும் உப்பு ஒரு பங்கு. தூளை மட்டும் வாங்கி வைத்துக்கொண்டு மற்றதை விட்டால் காசும் போகும், மாதங்களும் போகும். நான் இதைப் படித்துத் தெளிய நிறையக் காலம் எடுத்தது. ஒரே இடத்தில், தமிழில், நம்முடைய மண்ணுக்கும் காற்றுக்கும் பொருத்தமாக எழுதி வைத்தவர்கள் குறைவு. புதிதாகத் தொடங்குகிறவர்களுக்காகப் படிப்படியாக எழுதுகிறேன்.

1. எந்த மரம் என்று முதலில் முடிவெடுங்கள்

மரத்தைத் தெரியாமல் எந்த மருந்தையும் வாங்காதீர்கள். வீட்டுத் தேவைக்கும் சிறிய நாற்றுமேடைக்கும் மூன்று வகையாகப் பிரித்துப் பார்த்தால் போதும்.

கதியால் மரங்களும் முருங்கையும் ஹோர்மோன் இல்லாமலே வேர்விடும். அவற்றுக்குத் தூள் பூசுவது வீண் செலவு.

செவ்வரத்தை, போகன்விலா, மல்லிகை, ரோசா, மாதுளை, தேசி, கொய்யா ஆகியவை நடு வகை. இவற்றில்தான் ஹோர்மோனும் நல்ல ஊடகமும் (தடியை நடும் கலவை) பெரிய மாற்றத்தைக் காட்டும். செவ்வரத்தையும் மல்லிகையும் சுலபம், கொய்யா கடினம். புதியவர்கள் செவ்வரத்தையில் தொடங்குங்கள். மூன்று முதல் ஐந்து கிழமைக்குள் பலன் தெரியும், கையும் பழகும்.

மா, பலா, மரமுந்திரிகை மூன்றாவது வகை. வளர்ந்த மரத்தின் கொப்பில் தடி நட்டு வேர் எடுப்பது இவற்றில் மிகவும் கடினம். இதில் மினக்கெடாதீர்கள், ஒட்டுக் கட்டுங்கள். ஜம்பு, தேசி, மாதுளை, கொய்யா போன்றவற்றுக்குக் கொப்பிலேயே பதி வைப்பது இன்னொரு நல்ல வழி. அதைத் தனியாகக் கீழே சொல்கிறேன்.

2. வெட்டுவதற்கு ஒரு மாதம் முன்பே தாய்மரத்தில் வேலை தொடங்குகிறது

பலர் தவறவிடும் படி இது. செலவு இல்லாததும் இதுதான்.

தடியில் தானாகப் பிறக்கும் வேருக்கு, அதாவது பாடப்புத்தகத்தில் இடம்மாறிப் பிறந்த வேர் என்று வருவதற்கு, மூலத் தூண்டல் ஒட்சின் என்ற ஹோர்மோன். அது கொப்பின் நுனியிலும் இளம் இலையிலும் உண்டாகி அடியை நோக்கி இறங்கும். வெட்டிய தடியின் அடியில் வந்து தேங்கும்போது அங்குள்ள கலங்கள் வேராக மாறத் தொடங்கும். ஆனால் வேரைக் கட்டச் சீனியும் மாப்பொருளும் வேண்டும். வேரில்லாத தடி மண்ணிலிருந்து எதையும் பெரிதாக எடுக்காது, தன் கையிருப்பில்தான் வாழும். ஆகவே கையிருப்பு உள்ள கொப்பைத் தேர்வது பாதி வேலை.

யூரியா போட்ட மரத்தில் நீண்டு, மெதுமெதுவென்று, கரும்பச்சையாக வரும் கொப்புகளைப் பார்த்தால் ஆசையாக இருக்கும். அவற்றை விடுங்கள். நைதரசன் கூடி மாப்பொருள் குறைந்த கொப்பு வேருக்குப் பதிலாகத் தளிரைத் தள்ளப் பார்க்கும், அல்லது அழுகும். வெட்டுவதற்கு ஒரு மாதம், ஒன்றரை மாதம் முன்பே யூரியாவை நிறுத்திவிடுங்கள். வெயில் படும் பக்கத்துக் கொப்பே நல்லது. வளைத்தால் சற்று வளைந்து பிறகு மடக்கென்று முறியும் பதம்தான் நடு வகை மரங்களுக்குச் சரி.

பூவோ மொட்டோ உள்ள கொப்பை எடுக்காதீர்கள். வேறு வழியில்லை என்றால் பூவை முழுவதும் கிள்ளிவிட்டு எடுங்கள். பூக்கும் கொப்பில் வேர் வருவது குறையும்.

அடுத்தது மரத்தின் வயது. விதையில் முளைத்த ஒரு வயதுக் கன்றின் தடி எளிதாக வேர்விடும், அதே இனத்தின் முதிர்ந்த மரத்தின் உச்சிக் கொப்பு விடாது. முதிர்ந்த மரம்தான் இருக்கிறது என்றால் ஒரு கிளையைக் கட்டையாகத் தறித்துவிட்டு, அடியில் புதிதாக வெடிக்கும் கொப்புகள் பதமானதும் எடுங்கள். இதில் ஒரு விலையும் உண்டு: தேசியில் அப்படிப்பட்ட கொப்பு முள் கூடுதலாக இருக்கும், காய்க்கவும் சற்றுப் பிந்தும்.

கடினமான இனங்களுக்கு இன்னும் இரண்டு கைவேலைகள் உண்டு. வெட்டப்போகும் இடத்தில் கறுப்பு இன்சுலேஷன் டேப்பை இரண்டு அங்குல அகலத்துக்குச் சுற்றி மூன்று நான்கு கிழமை விடுங்கள். வெளிச்சம் படாத பட்டை மென்மையாகும், வேர் வெளியே வருவதும் இலகுவாகும். டேப்பைக் கழற்றிப் பார்த்தால் அந்த இடம் மட்டும் வெளிறி, இளமஞ்சளாக இருக்கும். அந்த வெளிறிய பகுதிதான் தடியின் அடியாக வர வேண்டும். இல்லையென்றால் அதே இடத்தில் பட்டையை மெல்லிய வளையமாக அகற்றி விடலாம். இறங்கி வரும் சீனியும் ஒட்சினும் வளையத்துக்கு மேலே தங்கும்.

தேசி வைப்பவர்கள் இலையையும் கவனியுங்கள். எழுவான்கரையின் (வாவிக்குக் கிழக்கே உள்ள கடலோரப் பக்கம்) வெண்மணலில் தேசி இலை சிறுத்து, ஒடுங்கி, நரம்பு பச்சையாகவும் இடைவெளி மஞ்சளாகவும் இருந்தால் அது பெரும்பாலும் நாகக் (துத்தநாகம், சிங்க்) குறைபாடு. தாவரம் ஒட்சினை உண்டாக்க நாகம் தேவை. ஒரு லீற்றர் தண்ணீருக்கு 5 கிராம் நாக சல்பேற்று, 2.5 கிராம் நீற்றிய சுண்ணாம்பு கலந்து இலைக்கு விசிறி, புதுத் தளிர் நல்ல நிறத்தில் வந்து பதமான பிறகு வெட்டுங்கள். நோய் உள்ள மரத்தில் மட்டும் எந்தக் காரணத்துக்கும் தடி எடுக்க வேண்டாம். தேசியின் பச்சையாதல் நோய் போன்றவை தடியோடு சேர்ந்து புதுக் கன்றுக்கும் போகும்.

3. தண்ணீரும் ஊடகமும்: உப்பைத் தேடிப் பிடியுங்கள்

கடலுக்கும் வாவிக்கும் இடையில் கிணறு வைத்திருக்கும் நமக்கு இதுதான் பெரிய பொறி. கல்லடி, காத்தான்குடி, களுவாஞ்சிகுடி, கல்முனை, நிந்தவூர், அக்கரைப்பற்று வரைக்கும் மணல் நிலம். மாரியில் நன்னீராக இருக்கும் கிணறு கோடையில் உவர்க்கும். குடிக்கும்போது நாக்குக்குப் பெரிதாகத் தெரியாத உப்புக்கூட, வேரில்லாத தடியின் வெட்டு வாயில் நாள் முழுக்கப் பட்டால் தடி தண்ணீரை இழுக்க முடியாமல் வாடும்.

வீட்டிலேயே பார்க்க ஒரு வழி: சுத்தமான எவர்சில்வர் தட்டில் ஒரு குவளை தண்ணீரை ஊற்றி அடுப்பில் முழுவதும் வற்றவிடுங்கள். அதே அளவு மழைத் தண்ணீரை இன்னொரு தட்டில் வற்றவிடுங்கள். இரண்டையும் வெளிச்சத்தில் சாய்த்துப் பாருங்கள். மழைத் தண்ணீர்த் தட்டில் ஒன்றும் இராது. கிணற்றுத் தட்டில் தடித்த வெள்ளைப் படிவு இருந்தால் அந்தத் தண்ணீரைத் தடிக்கு ஊற்ற வேண்டாம். அந்தப் படிவு உப்பாகவும் இருக்கலாம், சுண்ணாம்பாகவும் இருக்கலாம், எது கூடினாலும் நல்லதல்ல. கொஞ்சம் செலவழிக்க முடிந்தால் மின்கடத்துதிறன் அளக்கும் சிறிய மானி ஒன்று வாங்குங்கள். மீற்றருக்கு 0.75 டெசிசீமனுக்குக் கீழே இருந்தால் பயன்படுத்தலாம், குறையக் குறைய நல்லது. நாற்றுமேடையாகச் செய்ய நினைத்தால் இந்த மானிதான் நீங்கள் வாங்க வேண்டிய முதல் கருவி, ஹோர்மோன்கூட அதற்குப் பிறகுதான்.

எளிய தீர்வு மாரி மழை. முதல் மழையில் கூரை கழுவுப்படட்டும். அடுத்தடுத்த மழையைப் பீப்பாவில் பிடித்து மூடி வையுங்கள். தடிக்குத் தேவைப்படும் தண்ணீர் அதிகம் இல்லை, பின்னால் சொல்லும் பொலித்தீன் கூடாரத்துக்குள் வைத்தால் இரண்டு பீப்பா நீண்ட நாள் வரும்.

தும்புச்சோற்றில் இதே பிரச்சினை வேறு உருவத்தில் வரும். உவர்நீரில் ஊறப்போட்ட பொச்சு மட்டையிலிருந்து எடுத்த தும்புச்சோற்றில் சோடியமும் குளோரைட்டும் இருக்கும், பொட்டாசியம் இயல்பாகவே கூடுதல். மலிவாகக் கிடைக்கிறதே என்று நேரே பைக்குள் போடாதீர்கள். சாக்கில் கட்டி நன்னீரில் ஒரு இரவு ஊறவிட்டுப் பிழியுங்கள், திரும்ப ஊறவிடுங்கள். வடியும் தண்ணீர் தேயிலைச் சாயம் போலக் கடும் நிறத்தில் வருவது நின்று வெளிறும் வரைக்கும் செய்யுங்கள். மானி இருந்தால் வடிநீர் 0.5க்குக் கீழே வரும்வரை. கடைசிக் கழுவலை மழைத் தண்ணீரில் செய்தால் சிறப்பு.

கலவை: கழுவிய தும்புச்சோறு ஒரு பங்கு, கழுவிய ஆற்றுமணல் ஒரு பங்கு. உமிக்கரி கிடைத்தால் அரைப் பங்கு சேர்க்கலாம். படுவான்கரையில் (வாவிக்கு மேற்குப் பக்கம்) நெல் ஆலைகளுக்குப் பக்கத்தில் இருப்பவர்களுக்கு உமிக்குச் செலவே இல்லை. முழுச் சாம்பலாக எரியவிடாமல் கரியாக நிறுத்துங்கள், சாம்பல் கூடினால் காரத்தன்மை ஏறும். ஊடகத்தின் பிஎச் 5.5 முதல் 6.5 வரை இருப்பது நல்லது. கடற்கரை மணல் வேண்டாம், சிப்பித்தூளும் உப்பும் இரண்டுமே அதில் உண்டு. இந்தக் கட்டத்தில் எருவும் வேண்டாம், யூரியாவும் வேண்டாம். காற்றோட்டம்தான் முக்கியம்: ஒரு பிடி கலவையை இறுக்கிப் பிழிந்தால் ஒன்றிரண்டு துளி மட்டும் வர வேண்டும். தண்ணீர் தேங்கிய ஊடகத்தில் ஒட்சிசன் இல்லை, ஒட்சிசன் இல்லாத இடத்தில் எந்த ஹோர்மோனும் வேரைக் கொண்டுவராது.

4. ஹோர்மோன் வாங்குவது: சிட்டையை (லேபலை) வாசியுங்கள்

வேருக்குப் பயன்படும் முக்கிய ஒட்சின்கள் மூன்று. ஐ.ஏ.ஏ., அதாவது இந்தோல் அசற்றிக் அமிலம், தாவரத்திலேயே உள்ளது, ஆனால் வெளிச்சத்திலும் தாவர நொதியங்களாலும் சீக்கிரம் சிதைந்துவிடும். ஐ.பி.ஏ., அதாவது இந்தோல் பியூற்றிரிக் அமிலம், அதைவிட நிலைத்து நிற்கும். தடிக்குள் மெல்ல மெல்ல ஐ.ஏ.ஏ.யாக மாறி வேலை செய்யும். அதனால்தான் உலகம் முழுவதும் நாற்றுமேடைகளில் இதுவே முதல் தெரிவு. என்.ஏ.ஏ., அதாவது நப்தலீன் அசற்றிக் அமிலம், இன்னொன்று. வேலை செய்யும், ஆனால் அளவு மிஞ்சினால் தடியைச் சீக்கிரம் எரித்துவிடும். புதியவர்கள் ஐ.பி.ஏ. எடுங்கள்.

இப்போது பொறிகள்.

முதலாவது, வெறும் ‘வளர்ச்சி ஹோர்மோன்’ என்று மட்டும் எழுதிய போத்தல். விவசாய மருந்துக் கடைகளில் கிடைக்கும் ஜிபரலின் தண்டை நீட்டவும் காயைப் பெருப்பிக்கவும் பயன்படுவது. தடியில் அது வேரைத் தடுக்கும். சைற்றோகைனினும் அப்படித்தான், தளிருக்கு உதவும், வேருக்கு இடைஞ்சல். பூ உதிர்வதை நிறுத்த விற்கும் என்.ஏ.ஏ. கரைசல் 4.5 சதவீதமாக வரும். அது 45,000 பிபிஎம் (பத்து இலட்சத்தில் இத்தனை பங்கு என்ற அளவு). ஒரு மில்லிலீற்றருக்கு 44 மில்லிலீற்றர் தண்ணீர் சேர்த்தால்தான் 1000 பிபிஎம் ஆகும். நேராகத் தோய்த்தால் தடி கருகும்.

இரண்டாவது, சிட்டையே இல்லாத பொட்டலத் தூள். எனக்கு அப்படி ஒன்றைத் தந்தார்கள். என்ன செறிவு என்று கேட்டதற்குக் கடைக்காரரிடம் பதில் இல்லை. அப்படிப்பட்டதை எவ்வளவு மலிவாகத் தந்தாலும் வாங்காதீர்கள். செயற்படு பொருளின் பெயர், சதவீதம், காலாவதித் திகதி மூன்றும் சிட்டையில் இருக்க வேண்டும்.

மூன்றாவது, சதவீதக் குழப்பம். 0.1 சதவீதம் என்றால் 1000 பிபிஎம், 0.3 என்றால் 3000, 0.8 என்றால் 8000. முதலாவது மென்தடிக்கு, இரண்டாவது பாதி முதிர்ந்த தடிக்கு, மூன்றாவது வன்தடிக்கு என்று பொதுவாக விற்பார்கள்.

விலையைப் பொதியின் அளவை வைத்து ஒப்பிடாதீர்கள், உள்ளே இருக்கும் ஐ.பி.ஏ.யை வைத்து ஒப்பிடுங்கள். 0.3 சதவீதத் தூள் 50 கிராம் பொதியில் ஐ.பி.ஏ. 0.15 கிராம்தான். 0.1 சதவீதத் தூள் 10 கிராமில் வெறும் 0.01 கிராம். தூய ஐ.பி.ஏ. 5 கிராம் போத்தல் விலை கூடத்தான், ஆனால் அதில் 1000 பிபிஎம் கரைசல் 5 லீற்றர் செய்யலாம். ஒரு குடும்பம் அதை முடிக்கவே முடியாது. ஆகவே ஓரிரு பைகள் வைப்பவர் சிட்டையுள்ள சிறிய தூள் பொதியை வாங்குங்கள். நாற்றுமேடை செய்பவர்கள் நாலைந்து பேர் சேர்ந்து தூய பொருளை வாங்கிப் பிரியுங்கள். கொழும்பில் ஆய்வுகூட இரசாயனம் விற்பவர்களிடம் வாங்கினால் தூய்மைச் சதவீதமும் தொகுதி இலக்கமும் உள்ள பகுப்பாய்வுச் சான்றிதழைக் கேட்டு வாங்குங்கள். தனியாளுக்கு விற்க மறுத்தால் வியாபாரப் பெயர்ப் பதிவின் பிரதி கைகொடுக்கும்.

இளநீர், முருங்கை இலைச் சாறு, தேன், கற்றாழை பற்றிக் கேட்பீர்கள். இளநீரில் சைற்றோகைனின் உண்டு, முருங்கை இலைச் சாற்றிலும் உண்டு. அவற்றை வேருக்கான மருந்தாக நம்ப வேண்டாம். தேனும் மஞ்சள் தூளும் கிருமியைக் குறைக்கும், ஹோர்மோன் வேலை செய்யாது. சுலபமாக வேர்விடும் தடிக்கு இவை எதைப் பூசினாலும் வேர் வரும், அதனால்தான் இவற்றுக்குப் பெயர்.

5. கரைசல் தயாரிப்பது

ஐ.பி.ஏ. தண்ணீரில் நேராகக் கரையாது. தண்ணீரில் போட்டுக் கலக்கினால் மேலே பொடியாக மிதக்கும், தடிக்கு ஒன்றும் போய்ச் சேராது. முதலில் அற்ககோலில் கரைக்க வேண்டும். பாமசியில் கிடைக்கும் 70 சதவீத ஐசோபுரோபைல் போதும். நிறமூட்டிய ஸ்பிரிட் வேண்டாம். அதன் பொற்றாசியம் உப்பு வடிவம் கிடைத்தால் மட்டும் நேரே தண்ணீரில் கரைக்கலாம்.

3000 பிபிஎம் கரைசல் 100 மில்லிலீற்றர் செய்ய: ஐ.பி.ஏ. 0.3 கிராமை, 0.01 கிராம் வரை காட்டும் நகைத்தராசில் நிறுங்கள். 70 மில்லிலீற்றர் ஐசோபுரோபைலில் போட்டு முழுவதும் தெளியும் வரை சுழற்றுங்கள். பிறகு காய்ச்சி வடித்த தண்ணீர் 30 மில்லிலீற்றரை மெதுவாகச் சேருங்கள். கலங்கினால் அல்லது ஊசி போன்ற பளிங்குகள் தெரிந்தால் ஐ.பி.ஏ. வெளியே வந்துவிட்டது என்று அர்த்தம், கொஞ்சம் ஐசோபுரோபைல் சேர்த்துத் தெளிய வையுங்கள், கூட்டிய அளவை எழுதி வையுங்கள். 1000 பிபிஎம் வேண்டுமென்றால் 0.1 கிராம் போட்டு இதே மாதிரி.

பக்கத்தில் அடுப்பு எரியக் கூடாது. கையுறையும் முகக்கவசமும் போடுங்கள். கபில நிறப் போத்தலில் ஊற்றி, பெயர், செறிவு, திகதி எழுதி, பிள்ளைகளின் கைக்கு எட்டாமல் குளிர்ப்பெட்டியில் வையுங்கள். சில மாதம் தாங்கும்.

தூளாக வேண்டுமென்றால் வாசனை சேர்க்காத டல்க் 100 கிராமுக்கு 0.3 கிராம் ஐ.பி.ஏ.யை அற்ககோலில் கரைத்து ஊற்றிக் குழைத்து, இருட்டான காற்றோட்டமான இடத்தில் காயவைத்து இடியுங்கள். குழந்தைப் பவுடரில் செய்யாதீர்கள்.

எந்தச் செறிவு? தொடக்கப் புள்ளியாக இவற்றை வைத்துக்கொள்ளுங்கள்: செவ்வரத்தை, ரோசா, தேசிக்கு 1000 முதல் 2000, மாதுளைக்கு 2000 முதல் 3000, போகன்விலாவுக்கும் கொய்யாவுக்கும் 3000 முதல் 5000. ஒரு கட்டுத் தடியை மூன்றாகப் பிரித்து, ஒன்றுக்கு ஹோர்மோன் இல்லாமல், ஒன்றுக்கு 1000, ஒன்றுக்கு 3000 என்று வைத்துப் பாருங்கள். உங்கள் மரத்துக்கும் தண்ணீருக்கும் எது சரி என்பதை அது சொல்லும். ‘கூடப் போட்டால் கூட வேர்’ என்பது பொய். அளவு மிஞ்சினால் அடி வீங்கிப் பட்டை வெடிக்கும், கறுக்கும், இலை மஞ்சளாகி உதிரும்.

6. வெட்டும் நாள்

எந்த மாதம்? கச்சான் காற்று வீசும் மே முதல் ஓகஸ்ட் வரையான காலத்தை விட்டுவிடுங்கள், எவ்வளவு ஈரம் கொடுத்தாலும் காற்று உறிஞ்சிவிடும். நவம்பர், டிசம்பரில் அடை மழையில் ஊடகம் ஊறிப்போகும், மேலே மறைப்பு இல்லாமல் செய்ய முடியாது. பெப்ரவரி, மார்ச் மாதங்கள் மிக நல்லவை: மழைக்குப் பிறகு வந்த தளிர் பதமாகியிருக்கும், பீப்பாவில் மழைத் தண்ணீரும் இருக்கும். அதற்கு அடுத்தது செப்டெம்பர் கடைசியிலிருந்து ஒக்டோபர்.

விடியப்புறம் வெட்டுங்கள், கொப்பில் தண்ணீர் நிறைந்திருக்கும் நேரம். ஈரச் சாக்கில் சுற்றி நிழலில் வையுங்கள், அன்றைக்கே நட்டு முடியுங்கள்.

தடி ஆறு முதல் எட்டு அங்குலம். அடியைக் கணுவுக்குச் சற்றுக் கீழே சாய்வாகவும் மேலை மட்டமாகவும் வெட்டுங்கள். சாய்வு அடி, மட்டம் மேல் என்று எப்போதும் ஒரே மாதிரி வைத்தால் தலைகீழாக நடும் ஆபத்து இல்லை. ஒட்சின் நுனியிலிருந்து அடிக்குத்தான் போகும், தலைகீழாக நட்ட தடி அந்த வழியை மாற்றிக்கொள்ளாது. மேலே இரண்டு முதல் நான்கு இலையை விட்டுப் பாதியாக வெட்டுங்கள். எல்லா இலையையும் உருவிவிடாதீர்கள். இலைதான் சீனியும் ஒட்சினும் வேருக்குத் துணைசெய்யும் பீனோல் பொருட்களும் அனுப்புகிறது.

பீனோலுக்கு இரண்டு முகம் உண்டு. சில வகைகள் ஒட்சின் சிதையாமல் காக்கும். ஆனால் கொய்யா போன்றவற்றில் வெட்டு வாயில் அவை காற்றுப்பட்டுக் கபில நிறமாகி, கலங்களையே கொல்லும். கொய்யாத் தடியை வெட்டிப் பக்கத்தில் வைத்துப் பாருங்கள், வெளிர்ப்பச்சையாக இருந்த வாய் கொஞ்ச நேரத்தில் துருப்பிடித்த நிறத்துக்கு வரும். ஆகவே வெட்டியவுடன் மழைத் தண்ணீர் வாளிக்குள் போட்டு, கால் மணித்தியாலம் கழித்துத் தண்ணீரை மாற்றி, நடும் முன் அடியைச் சவர அலகால் மெல்லியதாகப் புதுப்பியுங்கள். பால் வடியும் மரங்களுக்கும் பால் நிற்கும் வரை கழுவுவது அவசியம்.

வன்தடி என்றால் அடியில் ஓர் அங்குல நீளத்துக்கு இரண்டு பக்கமும் மெல்லிய பட்டையைச் சீவுங்கள். ஹோர்மோனும் தண்ணீரும் உள்ளே போக வாசல் கூடும், காயத்தின் ஓரத்தில்தான் வேரும் வரிசையாக வரும்.

கரைசலைச் சிறிய கோப்பையில் கொஞ்சமாக ஊற்றுங்கள். அடி அரை அங்குலம் மட்டும், ஐந்து விநாடி. அற்ககோல் பறக்க ஐந்து நிமிடம் விடுங்கள். கோப்பையில் மிஞ்சியதைப் போத்தலுக்குள் திருப்பி ஊற்ற வேண்டாம், சாறும் கிருமியும் கலந்திருக்கும். தூள் என்றால் அடியை நனைத்து, உதறி, தூளில் தொட்டு, கூடினதைத் தட்டிவிடுங்கள். ஊடகத்தில் முதலில் குச்சியால் துளையிட்டுப் பிறகு தடியை வையுங்கள், நேரே குத்தினால் பூசியது மேலேயே உரசி நின்றுவிடும்.

7. கூடாரமும் காத்திருப்பும்

வளைத்த குழாயின்மேல் வெள்ளைப் பொலித்தீன், அதற்கு மேலே 70 சதவீத நிழல்வலை. நிழல்வலை இல்லாமல் நம்முடைய வெயிலில் பொலித்தீன் கூடாரம் வைத்தால் தடி ஒரே மத்தியானத்தில் அவிந்துவிடும். வெப்பம் கூடினால் தடி தன் சீனியைச் சுவாசத்தில் எரித்துத் தீர்க்கும். மாமர நிழலுக்குக் கீழே கூடாரம் வைப்பது மலிவான வழி. உள்ளே பொலித்தீனில் மெல்லிய நீர்த்திவலை படிந்திருந்தால் ஈரம் போதும், அன்றைக்குத் தண்ணீர் ஊற்றத் தேவையில்லை.

பிடுங்கிப் பார்க்காதீர்கள். செவ்வரத்தைக்கு மூன்று முதல் ஐந்து கிழமை, மல்லிகைக்கும் ரோசாவுக்கும் நான்கு முதல் ஆறு, தேசி, மாதுளை, கொய்யாவுக்கு ஆறு முதல் எட்டு, போகன்விலாவுக்கு இரண்டு மாதம்வரை போகலாம். தளிர் வந்ததை வைத்து வேர் வந்துவிட்டது என்று நினைக்க வேண்டாம், கையிருப்பிலிருந்தே தளிர் வரும். பையின் அடித் துளையில் வெள்ளை நுனி தெரியும்போதுதான் நிச்சயம். நடுவில் இரண்டாம் முறை ஹோர்மோன் ஊற்றுகிறவர்கள் உண்டு, அது கூடவே கூடாது. வேர் பிறக்கத் தேவைப்பட்ட ஒட்சின் அளவு, பிறந்த வேர் நீளுவதைத் தடுக்கும்.

வேர் ஓர் அங்குலத்துக்கு மேல் கிளைத்ததும் பொலித்தீனைத் தினமும் கொஞ்சம் கொஞ்சமாகத் திறந்து இரண்டு கிழமை பழக்குங்கள். அதன் பிறகு பெரிய பைக்கு மாற்றி, உரத்தை மிக ஐதாகத் தொடங்குங்கள்.

8. கொப்பில் பதி வைப்பது

தேசி, ஜம்பு, மாதுளைக்கு நான் இதையே முதலில் சொல்வேன். கொப்பு மரத்திலேயே இருப்பதால் வாடாது, தண்ணீர்ப் பிரச்சினையும் குறைவு. பென்சில் தடிப்பமான கொப்பில் ஓர் அங்குல அகலத்துக்குப் பட்டையை வளையமாக எடுங்கள். கீழே வழுவழுப்பான ஈரப் படை ஒன்று இருக்கும், அதைக் கத்தியின் முதுகால் சுரண்டி, விரல் வழுக்காத வரைக்கும் உலர்த்துங்கள். அந்தப் படை மிஞ்சினால் பட்டை திரும்ப இணைந்துவிடும், வேர் வராது. ஹோர்மோனை வளையத்தின் மேல் ஓரத்தில் மட்டும் பூசுங்கள், வேர் வருவது அங்கேதான். கழுவிப் பிழிந்த தும்புச்சோற்றை வைத்துப் பொலித்தீனால் சுற்றி இரண்டு பக்கமும் இறுக்கிக் கட்டுங்கள். ஒன்றரை மாதத்திலிருந்து இரண்டு மாதத்துக்குள் பொலித்தீனுக்குள்ளே வேர் தெரியும்.

9. விற்கப் போகிறீர்கள் என்றால்: பத்திரங்கள்

வீட்டுக்கு மட்டும் என்றால் ஒரு கொப்பி போதும்: தாய்மரம், வெட்டிய திகதி, செறிவு, நட்ட தொகை, வேர்விட்ட தொகை.

விற்பதற்கு முதலில் உங்கள் பிரதேச செயலகத்தில் வியாபாரப் பெயரைப் பதியுங்கள். தேசிய அடையாள அட்டைப் பிரதி, கிராம உத்தியோகத்தரின் அறிக்கை, காணி உறுதி அல்லது அனுமதிப்பத்திரம் அல்லது குத்தகை ஒப்பந்தம் ஆகியவற்றைக் கையில் வைத்துக்கொண்டு போங்கள். காணி வேறொருவர் பெயரில் இருந்தால் அவருடைய சம்மதக் கடிதத்தை முன்கூட்டியே எடுங்கள், பலர் திரும்பி வருவது அதற்காகத்தான். பிரதேச சபையின் வியாபார அனுமதி தேவையா என்பதையும் அதே நாளில் கேட்டுவிடுங்கள். கட்டணங்கள் மாறும், போகும் முன் தொலைபேசியில் விசாரியுங்கள்.

நடுகைப் பொருட்களின் தரத்தை 2003ஆம் ஆண்டின் 22ஆம் இலக்க விதைச் சட்டம் கட்டுப்படுத்துகிறது. பழ நாற்று விற்க நினைப்பவர்கள் உங்கள் பகுதி விவசாய போதனாசிரியரைச் சந்தித்து நாற்றுமேடைப் பதிவுக்கான விண்ணப்பத்தைப் பற்றிக் கேளுங்கள். அவர் நேரில் வந்து பார்க்கும்போது தாய்மரமும் கொப்பியும் நேர்த்தியாக இருப்பது உதவும். மழை தொடங்கும்போது எல்லாரும் நாற்றுக் கேட்டு வருவார்கள். ஆகவே பத்திர வேலையை ஜூன், ஜூலையில், தடி வெட்ட முடியாத கச்சான் காலத்தில் முடித்து வையுங்கள்.

இன்னொன்று. வெளிநாட்டில் இருக்கும் உறவினரிடம் நல்ல இனத் தடி ஒன்றைப் பயணப் பையில் கொண்டுவரச் சொல்லாதீர்கள். 1999ஆம் ஆண்டின் 35ஆம் இலக்கத் தாவரப் பாதுகாப்புச் சட்டத்தின்படி இறக்குமதி அனுமதியும், அனுப்பும் நாட்டின் தாவர சுகாதாரச் சான்றிதழும் வேண்டும். அனுமதியைத் தடி புறப்படுவதற்கு முன்பே எடுத்திருக்க வேண்டும். இல்லையென்றால் கட்டுநாயக்கா விமான நிலையத்தில் பறிமுதல் செய்து அழித்துவிடுவார்கள்.